இரவில் இன்னும் உறைகிறது

ஜனவரியில் நீ போனபோது மைனஸ் இருபத்திரண்டு.
கதவுக்கும் காருக்கும் இடையே இருபது அடி.
அந்த இருபதடிக்குள் செத்துவிடும் என்று
செடிகளை மட்டும் விட்டுப்போனாய்.
"குளிர் விட்டதும் வந்து எடுத்துக்கொள்கிறேன்."
பியானோவுக்குக் குளிராது போல.
அதை நான்கு பேர் தூக்கிப்போனார்கள்.

ஔலு தூங்கும்போது நான் பனி வாருகிறவன்.
இரவு பதினொன்றிலிருந்து காலை ஏழு வரை
முதலில் பனி, பிறகு சரளை:
யாரும் வழுக்கி விழக்கூடாதென்று
தெருத்தெருவாகப் பொடிக்கல் தூவிவிட்டு வந்து
திரையை இழுத்து மூடிப் படுத்தால்
இருக்கிற நாலு மணி நேர வெளிச்சமும்
என் குறட்டைக்குப் போய்விடும்.
உன் செடிகளுக்கு
என் தூக்கம்தான் பருவநிலை.

தண்ணீர் ஊற்றினேன், ரௌனி. அதைச் சொல்லவேண்டும்.
குளிர்பெட்டியில் நீ ஒட்டிய சீட்டின்படி:
"பெரணிக்கு அடிக்கடி. கற்றாழையை மறந்துவிடு."
மறக்கச் சொல்லி எனக்குக் கிடைத்த
ஒரே எழுத்து உத்தரவு.

ஏப்ரல் பத்தாம் தேதி
லாரியின் பனிக்கலப்பையைக் கழற்றிக் கிடங்கில் வைத்தோம்.
மறுநாள் பகலில் தூக்கம் வரவில்லை.
திரையைத் திறந்தேன்.
வெயில் உள்ளே வந்ததும் முதல் வேலையாக
அழுக்கையெல்லாம் காட்டிக்கொடுத்தது.
ரப்பர் செடியின் இலையில்
விரலால் கையெழுத்துப் போடலாம், அவ்வளவு தூசி.
பழைய பனியனை நனைத்துத் துடைத்தேன்.
விரலிடுக்கில் நறநறத்தது.
தெரிந்த நறநறப்பு.
குளிர்காலம் முழுக்க நான் தூவிய கல்
பனி உருகியதும் டயர்களில் பொடியாகி
காற்றில் ஏறி, மூன்று மாடி ஏறி,
ஜன்னல் இடுக்கில் நுழைந்து
வீட்டைக் கண்டுபிடித்திருக்கிறது.

ஒவ்வோர் இலைக்கும் அடியில் உள்ளங்கை கொடுத்துத் துடைத்தேன்.
நாற்பத்தொரு இலைகள்.

பெரணியைத் தொட்டியிலிருந்து உருவினால்
மண்ணே இல்லை.
வேர், வேரைச் சுற்றி வேர்,
தொட்டி போன பிறகும் தொட்டியின் வடிவம்.
இதற்கு என்ன செய்வதென்று சீட்டில் இல்லை.
மேல்மாடி ஹோதன் ரொட்டிக்கத்தியோடு இறங்கி வந்து
நாலு பக்கமும் கீறினாள்.
நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
கத்தியைக் கழுவிக்கொண்டு போகும்போது
கற்றாழைக் குட்டி ஒன்றைக் கேட்டாள்.
கொடுத்துவிட்டேன். கணக்கில் எழுதிக்கொள்.

அப்புறம் ஒரு தப்பு செய்தேன்.
மூன்று மாதக் கடனை ஒரே நாளில் அடைக்கிற அவசரத்தில்
எல்லாவற்றையும் தெற்கு ஜன்னலில் வரிசையாக வைத்தேன்.
சனிக்கிழமை பார்த்தால்
வெள்ளை லில்லியின் இலைகளில்
வெளுத்த திட்டுகள், தொட்டால் காகிதம்.
பட்டினி கிடந்தவருக்கு
முதல் நாளே விருந்து வைக்கக்கூடாதுதான்.
எனக்குத் தெரிந்த விஷயம்.
அறைக்குள் இழுத்து வைத்து
தினம் ஒரு சாண் ஜன்னலை நோக்கி நகர்த்துகிறேன்.
இன்று ஆறாவது சாண்.

நேற்று உன் செய்தி.
"துர்க்குவில் குரோக்கஸ் பூத்தாயிற்று. அங்கே எப்படி?"
அறுநூறு கிலோமீட்டர் தெற்கே இருப்பவளுக்கு
எது வந்தாலும் முதலில் வந்துவிடுகிறது.

கீழே இறங்கி
கதவிலிருந்து கார் நிற்குமிடம் வரை நடந்து பார்த்தேன்.
கோட்டு இல்லாமல், மெதுவாக,
கையில் தொட்டி இருப்பதுபோல.
ஒன்றும் ஆகவில்லை.
தேங்கிய நீரில் ஒரு பையன்
இரண்டு காலாலும் குதித்துக்கொண்டிருந்தான்.

ரப்பர் செடியின் நுனியில்
சிவப்பு உறையொன்று பாதி கழன்று நிற்கிறது.
நாற்பத்திரண்டாவது.
நீ போன பிறகு வந்தது.
அது யார் கணக்கில்?

பகலில் எட்டு டிகிரி.
பதில் எழுதினேன்:
"இரவில் இன்னும் உறைகிறது."

அனுப்பிய பிறகு உறுத்தியது.
மூன்றரை மணிக்கு, வேலைப் பழக்கத்தில், விழிப்பு வந்தது.
வெறுங்காலோடு போய் வெப்பமானியைப் பார்த்தேன்.
மைனஸ் ஒன்று.
கார்க் கூரைகளில் மெல்லிய வெள்ளை.

நிம்மதியாக வந்து படுத்தேன்.
திரையை மூடவில்லை.