மீந்த இரண்டு திருகாணி

நீளம் ஆறடி, அகலம் இரண்டே கால்:
ஸ்டியரிங்குக்குப் பின்னால் என் படுக்கையறை.
பக்கத்து சீட், ஆள் வந்தால் கூடம்.
சமையலறை வெளியே,
டிரெய்லரின் வயிற்றில் பூட்டுப் போட்ட இரும்புப் பெட்டி.
அதன் கதவைக் கீழே இறக்கினால் அதுவே மேடை.
காற்றுக்கு முதுகு காட்டி
வண்டியை நிறுத்தத் தெரிந்தவனுக்குத்தான்
அங்கே சோறு வேகும்.

ஏறுவதற்குப் படி இரண்டு. செருப்பு கீழ்ப்படியில்.
மறந்து கிளம்பிய ஒருநாள்
ருவைஸில் இறங்கிப் பார்த்தால் ஒற்றைச் செருப்பு.

கம்பளம், ஷார்ஜாவில் வெட்டி மிஞ்சிய துண்டு, பத்துத் திர்ஹம்.
திரைச்சீலை செவ்வந்தியின் தேர்வு.
போனைத் தூக்கிப் பிடித்துக் கடை முழுக்க நடந்தேன்.
"அது வேணாம், ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு.
அந்த மயில்கழுத்து நீலம், ஆமா, திருப்பு."
கடைக்காரன் அவளிடமே விலை சொன்னான்,
அவளும் அங்கிருந்தே இரண்டு திர்ஹம் குறைத்தாள்.

ஓடும் வீட்டில் எதையும் சும்மா வைக்கக் கூடாது.
முதல் பிரேக்கில்
சர்க்கரை டப்பா என் பிடரியில் சொன்ன பாடம்.
ஆனால் ஆணியும் கூடாது.
கம்பெனித் தாளில் ஏழாவது வரி:
துளை போட்டால் சம்பளத்தில் இருநூறு.
ஆகவே கயிறு, காந்தம், ஒட்டுப்பட்டை.
இரண்டு இரும்புக் காதோடு வாங்கிய பலகை மட்டும்
ஒரு வருடமாய் மெத்தைக்கு அடியில்.
அலமாரியாக வேண்டியது.
எங்கே வைத்தாலும் சுவர் வளைகிறது, பஞ்சு உள்வாங்குகிறது.
புரண்டு படுத்தால் விலாவில் இடித்து
இன்னும் இருக்கிறேன் என்கும்.

பத்ஹா எல்லை. வரிசையில் மூன்றாம் நாள்.
எல்லாம் கீழே, என்றான் அதிகாரி, விரலால்.
இறக்கினேன்.
மெத்தை, தலையணை, நீலத் திரை,
கொசுறாய் வந்த பிளாஸ்டிக் ரோஜா, தாளிப்புக் கரண்டி, பலகை.
தார் ரோட்டில் என் வீடு கூரையில்லாமல் கிடந்தது.
முன்வண்டி இத்ரீஸ், சூடான்காரன்,
இறங்கி வந்து கம்பளத்தின் மூலையில் உட்கார்ந்தான்.
ஆறுதலுக்கு இல்லை,
காற்று அதைத் தூக்கப் பார்த்தது.

நாய் சமையல் பெட்டியில் தும்மியது.
படுக்கைப் பக்கச் சுவரின் உறையைக் கழற்றினார்கள்.
ஒன்றும் இல்லை, போ.
எட்டுத் திருகாணியை என் உள்ளங்கையில் கொட்டிவிட்டு
அடுத்த வண்டிக்கு நகர்ந்தார்கள்.

ஒன்றும் இல்லாமல் இல்லை.
உறைக்குப் பின்னால், தகரத்தின் எலும்பில்,
பென்சிலால் ஒரு கோடு.
இரு முனையிலும் பெருக்கல் குறி.
பக்கத்தில் வலமிருந்து ஓடும் எழுத்தில் ஒரு சொல்.
இத்ரீஸ் டார்ச் அடித்துப் பார்த்தான்.
"அரபி இல்லை. உருதுவோ பஷ்தோவோ."
பலகையைத் தூக்கி வைத்தேன்.
குறிக்கு நேராகக் காது.
ஒரே கடையில் வாங்கியிருப்போமோ என்னவோ.

எனக்கு முன்னால் இங்கே படுத்தவன்
உறையைக் கழற்றி, தட்டிப் பார்த்து,
எலும்பைக் கண்டுபிடித்து, அளந்து, குறித்து,
துளைக்காமல் மூடியிருக்கிறான்.
ஏழாவது வரியைப் படித்துக் காட்டியிருப்பார்கள்.
இல்லை, இருநூறுக்கு வேறு செலவு வந்திருக்கும்.

கோடு எங்கே என்று ஜன்னலிலிருந்து சாண் போட்டுவிட்டு
உறையைத் திரும்ப மாட்டினேன்.
ஆறிலேயே நின்றுவிட்டது.
கையில் இரண்டு மீதம்.

இத்ரீஸ் பலகையைப் பிடித்துக்கொண்டான்.
துணி, பஞ்சு, அப்புறம் எலும்பு.
கடித்தது மணிக்கட்டில் தெரிந்தது.

இரவில் முத்திரைக்கு இன்னொரு வரிசை,
நாற்பதடி நகர்ந்தது.
டீ டம்ளரைப் பலகையில் வைத்தபடியே நகர்த்தினேன்.
கொஞ்சம்தான் சிந்தியது.
வண்டியை ஒப்படைக்கும் நாளில் சூப்பர்வைசர் கேட்பார்.
வரும்போதே இருந்தது என்பேன்.
பாதி உண்மை.

செவ்வந்திக்குப் படம் அனுப்பினேன்.
"சாஞ்சிருக்கே" என்கிறாள்.
சாயவில்லை.
ரோடு அப்படி.