முதலில் கண்ட எடை

பிழை என்று ஒன்றும் வரவில்லை.
அதுதான் பிழை.

கட்டபெட்டு இலைக் கொட்டகையில்
நஞ்சியின் மூட்டை
என் தராசில் இருபத்தேழு,
அவள் வீட்டு ஸ்பிரிங் தராசில் முப்பது.
"ஈரம் கழிச்சிருக்கு" என்றார் ஆல்துரை.
"மூணு வாரமா மழை எங்க பெஞ்சுது?" என்றாள்.

தராசுக்குள் ஓடும் நிரல் என்னுடையது.
கோத்தகிரியில், டைப்ரைட்டிங் வகுப்புக்கு மேல்மாடி.
மூன்று மணிக்கே மஞ்சு வந்து
ஜன்னலை மூடிவிடும்.

வரி வரியாகப் படித்தேன்.
கூட்டல் சரி, கழித்தல் சரி.
ஈரக்கழிவு பூஜ்யம் என்று
'எடை' என்ற ஹெடரில்
என் கையாலேயே எழுதியிருக்கிறேன்.
கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி.
பூஜ்யம்தான்.

ஏழு மணிக்குக் கரண்ட் போய் வந்தது.
கம்பைலரைக் கேட்டேன்:
எந்தெந்த வாசலைத் தட்டினாய், வரிசையாகச் சொல்.
அது எதையும் ஒளிக்கவில்லை,
யாரும் கேட்டதில்லை, அவ்வளவே.

எனக்கு முன்னால் தராசு செய்த கம்பெனியின் ஃபோல்டர்
பட்டியலில் என்னுடையதற்கு ஒரு வரி மேலே.
அதற்குள்ளும் ஓர் 'எடை'.
அதே பெயர், அதே எழுத்து,
நூற்றுக்குப் பத்துக் கழிவு.

கம்பைலருக்குப் பெயர் தெரியும், ஆள் தெரியாது.
ஒரே பெயரில் இரண்டு ஹட்டி இருந்தால்
மினிபஸ் முதல் ஹட்டியில் இறக்கிவிட்டு
வளைவில் மறைந்துவிடும்.
இறங்கியவன் இருட்டில் யார் கதவையோ தட்டி
சாப்பிடவும் உட்கார்ந்துவிட்டான்.
மூன்று வாரம்.

அந்த வரியைக் கீழே இறக்கினேன்.
பிறகு மனசு கேட்காமல்
ஹெடரின் பெயருக்கு முன்னால்
ஊர், தெரு, கதவு எண் போல
முழுப் பாதையும் எழுதினேன்.
பில்ட் ஓடியது.
பிழை என்று ஒன்றும் வரவில்லை.
இந்த முறை நான் நம்பவில்லை,
காலை முதல் பஸ்ஸில் கட்டபெட்டு.

நஞ்சியின் மூட்டை
வீட்டில் இருபத்தெட்டரை,
இங்கேயும் இருபத்தெட்டரை.
"என்ன ரிப்பேர்?" ஆல்துரை கேட்டார்.
"ஒரு வரி இடம் மாறி இருந்துது."
"அவ்ளோதானா" என்று சிரித்தார்.

நஞ்சி சிரிக்கவில்லை.
இலைப் புத்தகத்தைப் பிரித்து
ஒவ்வொரு எண்ணின் மேலும் விரலை வைத்து
மூன்று வாரத்தையும் காட்டினாள்.
அவளுக்குப் பின்னால் வரிசையில்
இன்னும் பத்தொன்பது புத்தகங்கள்.