இருபது மீட்டர்

மெர்த்தர் பேருந்து நிலையத்திலிருந்து
அலுவலகக் கதவு வரை ஏழு விளக்குக் கம்பங்கள்.
மூன்றாவதில் கைபேசி பார்ப்பவன்போல் நிற்பேன்.
ஐந்தாவதில் குனிந்து
ஷூ லேஸைச் சரிசெய்பவன்போல.
என் ஷூவில் லேஸ் கிடையாது,
ஒட்டுப்பட்டைதான்.
விரல்கள் முடிச்சை மறந்து இரண்டு வருடம் ஆகிறது.

படிவத்தில் கேட்டிருந்தார்கள்:
இருபது மீட்டர் நடக்க முடியுமா,
பாதுகாப்பாக, திரும்பத் திரும்ப,
நியாயமான நேரத்துக்குள்?
ஞாயிற்றுக்கிழமை ஒசியன் அளவு நாடாவோடு வந்தான்.
ஒன்பது வயது.
கம்பத்துக்குக் கம்பம் முப்பத்திரண்டு மீட்டர் அப்பா
என்று தெருமுனையிலிருந்து கத்தினான்,
நான் ஏதோ ஜெயித்துவிட்டதுபோல.

பகலெல்லாம் நான் எரிவாயுக் கம்பெனியின் குரல்.
வாரம் முப்பத்தேழரை மணி நேரம்.
பில் கட்ட முடியாதவர்களிடம்
திரையில் இருப்பதைப் படிப்பேன்:
"அரசு உதவித்தொகை ஏதாவது பெறுகிறீர்களா?"
சிலர் குரலைத் தாழ்த்துவார்கள்,
சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டுவிடும் என்று.
"இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை" என்பேன்.
அந்த வரி திரையில் கிடையாது,
என் சொந்தச் சரக்கு.
சொல்லிவிட்டு மைக்கை அணைத்துத் தண்ணீர் குடிப்பேன்.
என் படிவம் பைக்குள்
பதினோரு வாரமாக மடங்கிக் கிடந்தது.

குறைந்த வருமானத்துக்கான தொகை தனிக் கதை.
ஒரு பவுண்டு கூடச் சம்பாதித்தால்
ஐம்பத்தைந்து பென்ஸை அவர்கள் கழித்துக்கொள்வார்கள்.
கம்பெனி நான்கு வாரத்துக்கு ஒருமுறை சம்பளம் போடுகிறது,
அரசு மாதத்துக்கு ஒருமுறை கணக்குப் பார்க்கிறது.
அக்டோபரில் இரண்டு சம்பளம்
ஒரே கணக்குக்குள் வந்து விழுந்தன.
நான் பணக்காரன் ஆனேன்.
இந்த மாதம் உங்களுக்குப் பூஜ்யம் என்று கடிதம் வந்தது.
பணக்காரன் அடுத்த மாதம்
ஹீட்டரை அணைத்துவிட்டு
கோட்டோடு உட்கார்ந்து ரொட்டி தின்றான்.

மதிப்பீட்டு அழைப்பு செவ்வாய், மதிய இடைவேளையில்.
மாடிப்படிக்கு அடியில்,
மடக்கி வைத்த கிறிஸ்துமஸ் மரத்தின் பக்கத்தில்
நாற்காலி போட்டுக்கொண்டேன்.
ரியானன் என்று பெயர் சொன்னாள்.
அவள் குரலுக்குப் பின்னால் நூறு குரல்கள்,
எங்கள் தளத்தின் அதே இரைச்சல்.

சமைப்பீர்களா? சமாளிக்கிறேன்.
குளிப்பது? சமாளிக்கிறேன்.
ஒவ்வொரு முறையும் தட்டச்சு ஓசை சின்னதாக முடிந்தது.
கையை முழுதாக நீட்ட முடியுமா என்றாள்.
சிரித்துவிட்டேன்.
நாற்பத்தோரு வருடமாக
யாரிடமும் நீட்டாமல் பார்த்துக்கொண்ட கை அது.

"முழுநேர வேலையில் இருக்கிறீர்கள், சரியா?"
"ஆமாம்."
இந்த முறை நெடுநேரம் தட்டினாள்.
அந்த ஒரு ஆமாம்
என் கால்களை என்னவென்று எழுதிக்கொண்டிருக்கிறதோ
என்று பயம் வந்தது.
சொல்லிவிட்டேன்:
ஆறரைக்கு வீட்டுக் கதவைத் திறந்து
அங்கேயே தரையில் உட்கார்ந்துவிடுவேன்.
ஷூவை மகன் கழற்றுகிறான்.
முட்டையைக் கூட அவன்தான் உடைத்து ஊற்றுகிறான்.
குளியல் ஞாயிறு மட்டும்,
அவன் கதவுக்கு வெளியே இருக்கும்போது.
எட்டு மணி நேரம் நான் விற்பது
அந்த நாளில் என்னிடம் இருப்பது மொத்தத்தையும்.

"கொஞ்சம் மெதுவாக" என்றாள் ரியானன்.
"முட்டையிலிருந்து மறுபடி சொல்லுங்கள்."

வெளியே வந்தால் படியில் டெலித்,
பக்கத்து மேசைக்காரி,
முழங்காலை இரண்டு கையாலும் பிடித்தபடி.
எவ்வளவு கேட்டாளோ தெரியாது.
"வேலை பார்த்துக்கொண்டே வாங்கலாமா அதை?"
"வாங்கலாம். அதற்குச் சம்பளம் கணக்கே இல்லை."
"உனக்குக் கிடைத்துவிட்டதா?"
"தெரியாது. கடிதம் வரணும்."
"எத்தனை பக்கம்?"
"நிறைய. சமாளிக்கிறேன் என்று மட்டும்
எங்கேயும் எழுதிவிடாதே."

மேலே எங்கள் இரண்டு பேர் விளக்கும் சிவப்பு.
இடைவேளை முடிந்து நான்கு நிமிடம்.
அதில் மூன்று, படிகளுக்கு.