ஒரு வாய்

மஞ்சக்குப்பம் கல்யாண மண்டபத்தில் நாடகம்.
ஆளுக்கு நூற்றைம்பது,
மூன்று வயதுக்குக் கீழே இலவசம்.
இரண்டே முக்கால் என்றேன் இலக்கியாவை.
மூன்று விரலை நீட்டினாள் அவள்.

மின்விசிறிச் சத்தத்தில் பாதி வசனம் போயிற்று.
யானைக்காலில் நீல ரப்பர் செருப்பு தெரியுது என்று
முன்வரிசைவரை கேட்கச் சொன்னான் வேந்தன்.
சாக்கில் தைத்த யானை
வறண்ட ஏரியில் சரிந்து
ஒரு வாய், ஒரே ஒரு வாய் என முனகியது.

மடி லேசானது தெரிவதற்குள்
மேடைப் படியில் இருந்தாள்,
கழுத்தில் தொங்கும் மஞ்சள் பாட்டிலோடு.
மூடி திறக்க வரவில்லை.
யானையிடமே நீட்டினாள்.

தபேலாக்காரர் கையை எடுத்துவிட்டார்.
தும்பிக்கையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு
உள்ளிருந்த வியர்த்த முகம்
அண்ணாந்து குடித்தது
கடைசிச் சொட்டுவரை.
அதற்கு வசனம் இல்லை.

கூத்தப்பாக்கம் டவுன் பஸ்ஸில்
தாகம் என்றாள்.
பாட்டிலைக் கவிழ்த்துக் காட்டினேன்.
"போய் உன் யானைகிட்ட கேளு,"
என்றான் வேந்தன், செருப்பை இன்னும் மன்னிக்காதவன்.

பஸ் கெடிலம் பாலத்தில் ஏறியது.
கம்பியில் நெற்றியை வைத்து
கீழே மணலில் தேடத் தொடங்கினாள்.