சன்னல் எண் மூன்று

காலை ஐந்தரைக்கே வரிசை வாசலைத் தாண்டிவிடும்.
எரித்த கரும்புக்காட்டின் சாம்பல்
கறுத்த நூலாக இறங்கி
நிற்பவர்கள் தலையில் உட்காரும்.
யாரும் தட்டிவிடுவதில்லை.
ஒரு கையில் அட்டை, மறு கையில்
வீட்டிலிருந்து கொண்டுவந்த மடக்கு நாற்காலி.

டொங்காட் ஆஸ்பத்திரி, மருந்தகம், சன்னல் எண் மூன்று.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான்,
கதிரேசன் படையாச்சி, பதினேழு வருடம்.
ஒரு பேனா, ஒரு பதிவேடு,
‘இருப்பில் இல்லை’ என்றொரு ரப்பர் முத்திரை.

இன்சுலின் வராத மாதம் உண்டு.
ரத்தக்கொதிப்பு மாத்திரை பாதிப் பெட்டி வந்து
பட்டை பட்டையாக வெட்டிப் பங்கிட்ட மாதம் உண்டு.
பிள்ளைகளின் இருமல் மருந்து
குளிர் போன பிறகு வந்ததுண்டு.
முத்திரைக்கு வேண்டிய நீல மை மட்டும்
ஒரு மாதமும் தவறியதில்லை.
ரசீதோடு வரும், லாரியில்,
மாகாணத் தலைநகரிலிருந்து.

அவளை நான் கவனித்தது ஏழாவது முறை.
ஸிபுயிலே ம்கிஸே. மகனுக்கு வலிப்பு.
முத்திரையைத் தூக்கினேன்.
“பொறு,” என்றாள்.
பையிலிருந்து பள்ளிக்கூட நோட்டு எடுத்து
தேதி எழுதினாள். நேரம் எழுதினாள்.
டாக்சிக்கு இருபத்திரண்டு ராண்டு,
திரும்பிப் போக இருபத்திரண்டு.
“உன் பெயர்?”
சொன்னேன்.
எழுத்துக்கூட்டிக் கேட்டாள்.
படையாச்சியில் இரண்டு முறை தடுக்கி
மூன்றாவதில் சரியாக எழுதினாள்.

அன்றிரவு சோறு இறங்கவில்லை.
மீன்கறி சரியில்லையா என்று லோகம் கேட்டாள்.
“ஒரு நோட்டில் என் பெயர் இருக்கிறது.”
“என்ன நோட்டு?”
“கணக்கு நோட்டு.”

ஆகஸ்டில் ஒரு குழு வந்தது.
வருகிறது என்று தெரிந்ததுமே
சுவருக்கு வெள்ளை வந்தது, பூந்தொட்டி வந்தது,
இருபது புது நாற்காலி வந்தது.
நோயாளிகள் அதில் உட்காரக் கூடாது என்று
உத்தரவும் வந்தது.

தலைவர் கோப்பைப் புரட்டினார்.
ஒதுக்கியது இவ்வளவு, செலவானது இவ்வளவு,
தொண்ணூற்றெட்டு விழுக்காடு, பாராட்டு.
ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள்.
இங்கே அதை அரிந்து, தாளித்து, பரிமாறி,
‘உண்டோம், திருப்தி’ என்று
கையெழுத்தும் வாங்கியாகிவிட்டது.

“கேள்வி உண்டா?”
பின்வரிசையில் அவள் எழுந்தாள்.
கத்தவில்லை. வாசித்தாள்.
மார்ச் நான்கு, காலை ஐந்து பத்து. இல்லை. நாற்பத்து நான்கு ராண்டு.
மார்ச் பதினொன்று. இல்லை. நாற்பத்து நான்கு.
மார்ச் பதினெட்டு, மழை. இல்லை. நாற்பத்து நான்கு.
மார்ச் இருபத்து மூன்று.
மகன் பள்ளி வாசலில் விழுந்தான். முன்பல் போயிற்று.
அதற்கு நேரே தொகை போடவில்லை,
நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

சுலுவில் வாசித்தாள்.
மொழிபெயர்ப்பவர் இரண்டாம் பக்கத்திலேயே
வாயை மூடிக்கொண்டார்.

“பரிசீலிக்கிறோம்,” என்றார் தலைவர்.
“எந்தத் தேதியில்?” பேனாவைத் திறந்தாள்.
“உங்கள் பெயர்? எழுத்துக்கூட்டிச் சொல்லுங்கள்.”

என் மடியில் பதிவேடு இருந்தது.
கேட்டது, அனுப்பியதாக ரசீது சொன்னது,
உண்மையில் வந்து இறங்கியது, மூன்றும் தனித்தனிப் பத்தியில்.
எழு என்றது கால்.
ஓய்வூதியத்துக்கு இன்னும் நான்கு வருடம் என்றது முதுகு.
முதுகு சொன்னதைக் கேட்டேன்.

மறுநாள் பூந்தொட்டிகளைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போனார்கள்.
நாற்காலிகளையும்.

வியாழக்கிழமை அவள் வந்தாள்.
மருந்து அன்றைக்கும் இல்லை.
கண்ணாடியின் ஓட்டை வழியே
பதிவேட்டின் பதினோரு பக்க நகலைத் தள்ளினேன்,
மூன்று இரவு உட்கார்ந்து கையால் எழுதியது.
புரட்டிப் பார்த்துவிட்டு,
“முத்திரை இல்லாமல் நம்புவார்களா?” என்றாள்.

குத்தினேன். பதினோரு பக்கத்திலும்.
இருப்பில் இல்லை, இருப்பில் இல்லை.
விரலெல்லாம் நீலம்.

நோட்டைத் திறந்து தேதி எழுதினாள்.
டாக்சி இருபத்திரண்டு.
என் பெயரை எழுதினாள்,
இந்த முறை எழுத்துக்கூட்டிக் கேட்காமல்.