இரைப்பையில் இருந்தவை

தொண்டியிலிருந்து ஐஸ் பெட்டி
கடைசி பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸில் வந்தது.
மீன் என்று லக்கேஜ் போட்டிருக்கிறார் கண்டக்டர்.
மீனில்லை, ஆவுளியா. அதுவும் முழுசாக இல்லை,
இரைப்பையில் கிடந்ததில் இரண்டு கிலோ.

காரைக்குடி, செக்காலை ரோடு,
எவர்சில்வர் கடைக்கு மேல்மாடி.
சல்லடையில் கொட்டிக்
குழாயை மெல்லத் திறக்கிறேன்.
புல்.
அலசினால் இன்னும் புல்.
நாடா போல் ஒன்று, ஊசி போல் ஒன்று,
காலணா வட்டத்தில் குட்டி இலை ஒன்று.
வேரோடு பிடுங்கித் தின்றதில்
ஒட்டிக்கொண்டு வந்த மணல்.
முந்நூறு கிலோ உடம்பு.
ஒரு நெத்திலியின் முள்கூட இல்லை.

படிவம் கேட்கிறது:
இது எதைத் தின்னும்? எழுதினேன்.
இதை எது தின்னும்?
சுறா. எப்போதாவது. குட்டியாக இருந்தால்.
இது எப்படிச் செத்தது?
பென்சிலை வைத்துவிட்டு
நாகூர்கனிக்குப் போன் போட்டேன்.

"வலையில மாட்டிருச்சுக்கா.
மூச்சு வாங்க மேல வரணும்ல, வர முடியல.
யாரும் திங்கல. தொட்டா கேஸு.
பொக்லைன் வச்சுப் பொதைச்சாச்சு."

ஆக,
புல்லில் கிளம்பி ஆவுளியாவுக்கு வந்த அம்புக்குறி
அடுத்து இறங்க வாயில்லாமல்
அந்தரத்தில் நிற்கிறது.
வலைக்கு வாய் உண்டு. வயிறு கிடையாது.
படிவத்தில் அதற்குக் கட்டமும் கிடையாது.

மறுநாள் மெஸ்ஸில் இறால் தொக்கு.
இரண்டாம் தடவை கேட்டு வாங்கிய பிறகுதான்
உறைத்தது. காரம் இல்லை, இது:
இந்த இறால் பொடிசாக இருந்தபோது
ஒளிந்து பிழைத்தது அந்தப் புல்லுக்குள்.
ஆவுளியா மேய்ந்து, உழுது, சாணி போட்டு
மறுபடி துளிர்க்க வைத்த புல்.
ஒன்றரை மணி நேர பஸ் தூரத்தில்
மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு
இத்தனை வருஷமாய் அதன் கணக்கில்
சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.
இலையை மூடினேன். தொக்கை மிச்சம் வைக்கவில்லை,
அதையும் சொல்லிவிட வேண்டும்.

சல்லடையின் அடியில் விதைகள் இருந்தன.
கடுகுக்குப் பெரிசு, மிளகுக்குச் சிறிசு.
பல் படாமல் தப்பியவை, பதினொன்று.
எண்ணி, எடை போட்டு, பார்மலினில் இடு என்கிறது விதி.
எட்டு என்று எழுதினேன்.

மற்ற மூன்றுக்காக
ஊரே புகழும் சம்பை ஊற்றுத் தண்ணீரைப் பிடித்து
கல்லுப்பைப் போட்டு, நாக்கில் வைத்துப் பார்த்து,
போதாது, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று
கரிக்கக் கரிக்கக் கெடுத்தேன்.
"நல்ல தண்ணிடி அது, உனக்கென்ன பாவம் பண்ணுச்சு?"
என்றாள் சிகப்பி.

ஜன்னல்கட்டையில் ஹார்லிக்ஸ் பாட்டில்.
காலை வெயில் ஒன்பதரைக்கு வந்து
எதிர்வீட்டு மதில் உயரும்வரை நிற்கும்.
பதினாறு நாள். இரண்டு அழுகிவிட்டன.
மூன்றாவதன் நுனியில்
நேற்றிலிருந்து வெள்ளையாக என்னவோ.
வேரா, பூஞ்சையா, தெரியவில்லை.
லென்ஸைச் சிகப்பி வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறாள்.