கேள்வி ஒன்பது

பயிற்சி நாளன்று காலையில் ஒரு தாள் கொடுத்தார்கள்.
பெயர்: மா. ஜெசிந்தா. பணியிடம்: நாகலூர்.
இருபத்தைந்து கேள்வி, அரைமணி நேரம்,
சேலத்தில், மின்விசிறி மட்டும் பேசிய ஓர் அறையில்.

ஒன்பதாவது:
பையை அழுத்துகிறீர்கள். மார்பு எழவில்லை.
முதலில் என்ன செய்வீர்கள்?
அ. ஆக்சிஜனைக் கூட்டுவேன்
ஆ. தலையையும் மாஸ்க்கையும் சரிசெய்வேன்
இ. மார்பை அழுத்துவேன்
ஈ. டாக்டரைக் கூப்பிடுவேன்

நான் ‘ஈ’ போட்டேன்.
பதினோரு வருஷ சர்வீஸ்,
‘ஈ’ போட்டே பழகிய கை.

சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி.
பக்கத்து நாற்காலி ஆத்தூர்க்காரி எட்டிப் பார்த்துத்
தன் தாளை மடித்துக்கொண்டாள்.
அவளும் ‘ஈ’தான்.

மதியம் ரப்பர் பொம்மை வந்தது.
அதற்குத் தொப்புள்கொடி உண்டு, துடிப்பும் உண்டு,
அம்மா மட்டும் இல்லை.
கட்டைவிரலும் ஆள்காட்டியும் மாஸ்க்கின் மேல் வளைய
மற்ற மூன்றும் தாடையைத் தூக்க
“அழுத்து, இரண்டு, மூன்று” என்று
ஆறு பேர் ஒரே குரலில் சொன்னோம்.
அதற்குள் டீ வந்துவிட்டது.

பிறகு மார்கழி.
மிளகு பறிக்க வந்த பொன்னுருவிக்கு
முப்பத்துமூன்றாம் வாரத்திலேயே வலி.
குழந்தை வந்தது, சத்தம் வரவில்லை.
துடைத்தேன். முதுகைத் தேய்த்தேன்.
கொடியின் அடியில் இரண்டு விரல் வைத்து
ஆறு நொடி எண்ணினேன்: ஏழு.
பத்தால் பெருக்கினால் எழுபது. நூறு வேண்டும்.
பையை எடுத்தேன்.
நூறு வந்தது. மூச்சு மட்டும்
எட்டிப் பார்த்து எட்டிப் பார்த்துத் திரும்பிப் போனது.

டாக்டர் போனில் சொன்னார்:
“கீழ கொண்டுபோங்க. பையை விடாதீங்க.”

இருபது கொண்டை ஊசி வளைவு.
இறங்கும்போது எண்கள் பின்னோக்கி வரும்.
மூடுபனியில் இளவழகன் ஹாரனை நம்பி ஓட்டினான்.
பத்தொன்பது. அழுத்து, இரண்டு, மூன்று.
பதினெட்டு. அழுத்து,

பதினாலில் வண்டி ஒடிந்து திரும்ப
தோளுக்கடியில் மடித்துவைத்த துணி நழுவியது.
அழுத்துகிறேன்.
மார்பு எழவில்லை.

‘அ’ கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.
‘ஈ’க்கு சிக்னல் இல்லை.
வளைவோரம் ஒரு காட்டெருமை நின்று பார்த்தது,
அதற்கும் தெரியாது.

சரியாக எழுதிய விடைகளில்
ஒன்றுகூட அன்று என்னோடு வண்டி ஏறவில்லை.
தப்பாய் எழுதியது ஏறியிருந்தது,
சிவப்புக் குறியோடு.

துணியைச் செருகினேன்.
முகவாயை, காற்றை மோப்பம் பிடிக்கிற அளவுக்கு,
அதற்கு மேல் ஒரு நெல்லளவும் இல்லாமல், தூக்கினேன்.
மாஸ்க்கை மறுபடி உட்கார வைத்தேன்.
அழுத்து.

காயத் தொடங்கிய பாலின் மேல்
ஆடை அசைகிற அளவு
அசைந்தது.

கோரிமேட்டு விளக்குகள் வந்தபோது
ஒரு சத்தம் போட்டான். அழுகை என்று சொல்ல மாட்டேன்,
எண்ணெய் போடாத கீல்.
ஜி.எச்.சில் ஒரு சின்னப் பெண் கையில் வாங்கிக்கொண்டாள்.
“எத்தனை மணிக்கு?”
“ரெண்டு நாப்பத்தொண்ணு.”
கண்ணாடிக் கதவு சாத்தியது.

நடைபாதை ஸ்ட்ரெச்சரில் பொன்னுருவி கேட்டாள்:
“பொழைச்சுக்குமா சிஸ்டர்?”
அந்தக் கேள்விக்குக் கீழே
நாலு விடை யாரும் அச்சடித்திருக்கவில்லை.
“டீ குடி” என்று டம்ளரை நீட்டினேன்.
பாதி சிந்தியது.
என் மூன்று விரல்கள் இன்னும்
எதையோ தூக்கிப் பிடித்திருந்தன.